தொப்பி யாருக்கும் பொருந்தும்: வில்லேஜ் பீப்பிள் விக்டர் வில்லிஸின் பாட்டும் வழக்கும்

ஆளுக்கொரு வேடம் போட்டு நடன விடுதி இசையான டிஸ்கோவைப் பாடிய அமெரிக்கக் குழு வில்லேஜ் பீப்பிள். 1979-ல் அது ஓர் இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. முதல் தட்டு மேடைக் கச்சேரியின் பதிவு. அதில் போலீஸ்காரர் வேடத்தில் பாடியவர் விக்டர் வில்லிஸ். இரண்டாவது ஸ்டுடியோவில் பதிந்தது. அதில் போலீஸ்காரர் ரே சிம்ப்சன். ஒரே உறைக்குள் இரண்டு போலீஸ்காரர்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்களோ. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இடுப்புப் பெல்ட்டும் அப்படியே இருந்தன, உள்ளே இருந்த ஆள்தான் மாறியிருந்தார்.

வேடக் குழுவின் பாடகருக்கு வருகிற சிக்கல் முழுவதும் இந்த ஓர் உறைக்குள் அடங்கிவிடுகிறது. ரசிகர் மனதில் பதிவது வேடம். வேடம் தயாரிப்பாளரின் சொத்து. பாடகர் போனால் அதே சட்டையை இன்னொருவர் மாட்டிக்கொள்ளலாம். வில்லிஸுக்கும் அதுதான் நடந்தது. ஆனால் அவர் கையில் இன்னொன்றும் இருந்தது: பாடல் வரிகள். அதைச் சட்டை போலக் கழற்றி அடுத்தவருக்கு மாட்ட முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் அது தெரியவந்தது.

பாதிரியார் மகன்

வில்லிஸ் 1951 ஜூலை 1 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸில் பிறந்தார். வளர்ந்தது சான் பிரான்சிஸ்கோவில். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். பையன் பாடிப் பழகியது அப்பாவின் ஆலயத்தில்தான். கறுப்பர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் போதகர் பேசுவதும் பாடுவதும் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும்: அவர் ஒரு வரியை எறிவார், சபை திருப்பிக் கொடுக்கும்; அடுத்த வரி இன்னும் ஒரு படி மேலே ஏறும். வில்லிஸின் பிற்காலப் பாடல்களை இதை மனதில் வைத்துக் கேட்க வேண்டும். 'ஒய்.எம்.சி.ஏ.' பாட்டில் ஒவ்வொரு சரணமும் 'யங் மேன்' என்ற விளியோடு தொடங்குகிறது. "தம்பி, மனசை விடாதே" என்று பெரியவர் ஒருவர் தோளில் கை போட்டுச் சொல்லும் தொனி அது. பல்லவியில் கோரஸ் வந்து சேருவது சபையின் பதில். நடன அரங்குக்காகச் செய்த பாட்டின் எலும்புக்கூடு ஆலயத்தில் கிடைத்தது.

பிறகு நியூயார்க் போய் நீக்ரோ என்சம்பிள் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். பிராட்வேயில் 'தி விஸ்' இசை நாடகத்தில் நடித்தார். அங்கே சந்தித்த நடிகை ஃபிலீசியா ஏயர்ஸ்-ஆலனை 1978-ல் மணந்தார். அந்த மணம் சில ஆண்டுகளே நீடித்தது. பின்னாளில் அவர் ஃபிலீசியா ரஷாத் என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும் புகழ் பெற்றார்.

நாடகப் பயிற்சியைச் சும்மா சொல்லவில்லை. இரவு விடுதிப் பாடகர் தானாகவே மேடையில் நிற்பார். நாடக நடிகருக்கு இன்னொரு ஆளாக நிற்கத் தெரியும். போலீஸ்காரர் உடையில் ஒருவர் பாட வந்தால் சிரிப்பு வராமல் இருக்க அந்தப் பழக்கம் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் இருவரும் ஒரு விளம்பரமும்

குழுவை உருவாக்கியவர்கள் ஜாக் மொராலி, ஆன்ரி பெலோலோ. இருவரும் மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்து பாரிஸில் தொழில் செய்தவர்கள். அவர்களின் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்டது நீல் போகார்ட் நடத்திய காசாபிளாங்கா ரெக்கார்ட்ஸ். பெயர் ஒத்துப்போனது வெறும் தற்செயல். மொராலி மெட்டுப் போடுவார், பெலோலோ வியாபாரம் பார்ப்பார். பாரிஸில் அவர்களுக்கு ஸ்கார்பியோ மியூசிக் என்ற பதிப்பகமும், நியூயார்க்கில் கான்ட் ஸ்டாப் புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனமும் இருந்தன. இந்த இரண்டு பெயர்களும் பின்னால் வழக்குத் தாளில் வரும்.

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், செவ்விந்தியர் உடையில் காலில் மணி கட்டி ஆடிய ஃபெலிப் ரோஸைப் பார்த்ததும் மொராலிக்குப் பொறி தட்டியது. தன்பாலின ஆண்கள் கூடும் விடுதிகளில் கௌபாய், கட்டடத் தொழிலாளி, தோல் உடை பைக்காரர் என்று ஆண்மையை மிகைப்படுத்திய தோற்றங்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. அவற்றையெல்லாம் ஒரே மேடையில் நிறுத்தினால் என்ன என்று யோசித்தார். மொராலி தன்பாலின ஈர்ப்பாளர், வில்லிஸ் அல்லர். குழு யாருக்காக உருவானது, வரிகள் எதைச் சொல்கின்றன என்ற வாதம் இன்றுவரை ஓயாததற்கு விதை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

வேலை நடந்த வரிசை முக்கியம், ஏனென்றால் அது தலைகீழானது. முதலில் பாட்டு பதிவானது, அப்புறம்தான் குழு வந்தது. 1977-ல் வெளிவந்த முதல் தட்டில் நான்கே பாடல்கள். வில்லிஸ் முன்னணிக் குரல், கோரஸ் கூலிக்குப் பாடும் ஸ்டுடியோக் கலைஞர்கள். அட்டையில் இருந்தவர்களில் பலர் படத்துக்கு நிற்க வந்த மாடல்கள். தட்டு விடுதிகளில் ஓடத் தொடங்கியதும் தொலைக்காட்சியும் மேடையும் ஆட்களைக் கேட்டன. அப்போதுதான் மீசை வைத்த, ஆடத் தெரிந்த ஆண்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். ரோஸ், அலெக்ஸ் பிரைலி இருவரும் முன்பே இருந்தார்கள். ராண்டி ஜோன்ஸ், டேவிட் ஹோடோ, கிளென் ஹியூஸ் வந்து சேர்ந்தார்கள். ஹியூஸ் அதுவரை புரூக்ளின்-பேட்டரி சுரங்கச் சாலையில் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தவர்.

முதல் தட்டின் வரிகளை எழுதியவர்கள் ஃபில் ஹர்ட்டும் பீட்டர் வைட்ஹெட்டும். அந்தத் தட்டைப் பொறுத்தவரை வில்லிஸ் குரல் கொடுக்க வந்த ஆள், அவ்வளவே. 1978-ன் 'மாச்சோ மேன்' தட்டில் தொடங்கி அவரும் எழுதினார். அந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பாதிக்கு மேல் விஷயமே கிடையாது.

ஒரு டிஸ்கோ பாட்டின் உடற்கூறு

டிஸ்கோவில் தாளம்தான் முதலாளி. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் நான்கு எண்ணிக்கையிலும் சமமாக விழும். ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டு இரண்டு அடிகளுக்கு நடுவில் திறந்து மூடும். பேஸ் கிதார் ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் மாறி மாறித் துள்ள வைக்கும். 'ஒய்.எம்.சி.ஏ.'யின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 127 அடி. தட்டில் பாட்டின் நீளம் 4 நிமிடம் 47 விநாடி. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 600 அடிகள். இத்தனை அடிகளுக்கும் வேகம் இம்மியும் பிசகக் கூடாது. விடுதியில் டிஜே அடுத்த தட்டின் தாளத்தை இதோடு இழைத்துத்தான் பாட்டை மாற்றுவார். நடுவில் வேகம் தடுமாறினால் ஆடுபவர்களின் கால் நின்றுவிடும், கூட்டம் கலைந்துவிடும்.

தாளத்துக்கு மேல் ஜிப்சி லேன் என்ற வாத்தியக் குழு. அதற்கு மேல் ஹொரஸ் ஓட் அமைத்த வயலின், பித்தளை வாத்தியங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒற்றைக் குரல். இங்கேதான் பல டிஸ்கோ பாடகர்கள் தோற்றுப்போனார்கள். கீழே இவ்வளவு அடுக்கு இருக்கும்போது மெல்லிய குரல் மூழ்கிவிடும். கத்தினால் நான்கு நிமிடம் கேட்க முடியாது. வில்லிஸின் குரலில் நெஞ்சிலிருந்து வரும் ஒரு கரகரப்பு உண்டு. மெய்யெழுத்துகளை அடித்து உச்சரிப்பார். வரியின் கடைசிச் சொல்லை நீட்டாமல் வெட்டிவிடுவார். அந்த இடைவெளியில் டிரம்பெட் நுழையும். பாட்டு நெரிசலாகத் தோன்றாததற்கு அதுதான் காரணம். இந்தப் பாட்டை மேடையில் பாட முயல்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: சொல்லை நீட்டிவிடுவார்கள், டிரம்பெட்டும் குரலும் மோதிக்கொள்ளும்.

1977 கோடையிலிருந்து 1979 வசந்தத்துக்குள் நான்கு தட்டுகள். அந்த வேகத்தைப் பார்த்தாலே இது தொழிற்சாலை முறை என்று புரியும். 'ஒய்.எம்.சி.ஏ.' 1979 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிப்ரவரியில் அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ஜப்பானில் ஹிதேகி சைஜோ அதே ஆண்டு ஜப்பானிய மொழியில் பாடிப் பெரும் வெற்றி கண்டார். 'இன் தி நேவி' அமெரிக்காவில் மூன்றாம் இடம். அந்தப் பாட்டை ஆளெடுப்பு விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணிய அமெரிக்கக் கடற்படை, படம் பிடிக்க சான் டியாகோவில் யுஎஸ்எஸ் ரீசனர் என்ற போர்க்கப்பலையே கொடுத்தது. பிறகு எதிர்ப்பு கிளம்பியதும் விளம்பர யோசனையைக் கைவிட்டது. பாட்டுக்கு இலவசமாகக் கப்பல் கிடைத்ததுதான் மிச்சம்.

சென்னைக்காரர்களுக்கு ஒய்.எம்.சி.ஏ. என்றால் நந்தனம் மைதானமும் புத்தகக் காட்சியும். 1844-ல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ இளைஞர் சங்கம், அமெரிக்க நகரங்களில் உடற்பயிற்சிக் கூடத்தோடு குறைந்த வாடகை அறைகளும் நடத்தியது. ஊர் விட்டு வந்த இளைஞனுக்கு அது முதல் தங்குமிடம். தன்பாலின ஆண்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடமாகவும் அது இருந்தது. மொராலியைத் தூண்டியது மன்ஹாட்டன் 23-ஆம் தெருவில் இருந்த மெக்பர்னி கிளை. வில்லிஸோ, தான் எழுதியது கறுப்பு இளைஞர்கள் கூடைப்பந்து ஆடி, நீந்தி, மலிவாகத் தங்கிய இடத்தைப் பற்றி என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கத் தடையில்லை. மெட்டுப் போட்டவர் ஒரு வாசல் வழியாகவும் வரி எழுதியவர் வேறொரு வாசல் வழியாகவும் அதே கட்டடத்துக்குள் போயிருக்கிறார்கள். கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டிய வாசலை எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு தலை, ஆறு தொப்பி

குழுவின் உடைகளைத் தொழில்கண்ணோடு பார்த்தால் எல்லாமே தலையில்தான் இருக்கிறது. இறகுக் கிரீடம், கௌபாய் தொப்பி, கட்டடத் தொழிலாளியின் ஹெல்மெட், பைக்காரரின் தோல் தொப்பி, ராணுவத் தொப்பி, போலீஸ் தொப்பி. பின்னால் விளக்கைப் போட்டு வெறும் நிழலாக நிறுத்தினாலும் ஆறு பேரையும் அடையாளம் சொல்லிவிடலாம். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு முகம் தெரியாது, வடிவம் தெரியும். வேடத்தின் பலமும் ஆபத்தும் ஒன்றே: முகம் தேவைப்படவில்லை.

பாடுபவருக்கு இந்த உடைகள் சுகமானவை அல்ல. விளிம்புள்ள தொப்பி மேலிருந்து விழும் வெளிச்சத்தை மறைத்து முகத்தை இருட்டாக்கும். விளக்கைத் தாழ்வாக, முன்னாலிருந்து போட வேண்டும். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் அந்த ஒளியைக் கேமராவுக்குள் திருப்பி அடிக்கும். தோல் உடையில் காற்றுப் போகாது. சில பாட்டுகளிலேயே உள்ளே நனைந்து கனமாகிவிடும். போலீஸ் உடையில் பிரச்சினை பெல்ட். அடிவயிறு விரிந்தால்தான் நீண்ட வரிக்கு மூச்சு கிடைக்கும். அகலத் தோல் பெல்ட்டை இடுப்புச் சுற்றளவுக்கு இறுக்கிக் கட்டினால் மூச்சு மார்புக்கு ஏறிவிடும், குரல் மெலிந்து உச்ச சுரங்களில் கிழியும். அதனால் வேடத்தில் பாடுபவர்கள் பெல்ட்டை இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும். உண்மையான காரணம் மூச்சு.

உலகமே கைகளால் போடும் அந்த நான்கு எழுத்துகள் குழு யோசித்தவை அல்ல. 1979 ஜனவரி 6 அன்று ஒளிபரப்பான 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நிகழ்ச்சியில் ஆட வந்த இளைஞர்கள் போட்டுக் காட்டினார்கள். பார்த்த குழு அதைத் தன் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டது. முறை எளிது: இரு கைகளையும் விரித்து மேலே தூக்கினால் 'ஒய்', முழங்கையை மடக்கி விரல் நுனிகளைத் தோள் பக்கம் இறக்கினால் 'எம்', இரு கைகளையும் ஒரு பக்கமாக வளைத்தால் 'சி', தலைக்கு மேல் உள்ளங்கைகளைச் சேர்த்தால் 'ஏ'. பிழை வருவது 'சி'யில். எதிரே இருப்பவருக்கு எழுத்து நேராகத் தெரிய, ஆடுபவர் தன் இடப்பக்கம் வளைக்க வேண்டும். வலப்பக்கம் வளைத்தால் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாகிவிடும். இன்னொரு பிழை, நான்கு எழுத்துக்கும் சம நேரம் கொடுப்பது. பாட்டில் 'ஒய்' நின்று ஒலிக்கும், மற்ற மூன்றும் நெருங்கி வரும். 'எம்'மில் அழகு பார்த்துக்கொண்டிருந்தால் 'ஏ' கைநழுவிப் போகும். 2008 டிசம்பர் 31 அன்று டெக்சாஸின் எல் பாசோவில் சன் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின்போது 40,148 பேர் ஒன்றாக இதை ஆடி கின்னஸ் சாதனை படைத்தார்கள். அத்தனை 'சி'களில் எத்தனை நேராக இருந்தனவோ.

கழற்றிய சட்டை

1979 ஜூலை 12 அன்று சிகாகோ காமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே ரத்தானது. காற்று திரும்பிவிட்டதன் அடையாளம் அது. குழுவை வைத்து ஒரு முழுநீளப் படம் தயாராகிக்கொண்டிருந்த அதே ஆண்டில் வில்லிஸ் வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்த ரே சிம்ப்சன் நல்ல பாடகர். ஆஷ்ஃபோர்ட் அண்ட் சிம்ப்சன் என்ற பாடகர் இணையின் வலேரி சிம்ப்சனுடைய தம்பி. 1980-ல் வந்த 'கான்ட் ஸ்டாப் த மியூசிக்' படத்துக்கு ஆன செலவு 2 கோடி டாலர் அளவில். அமெரிக்காவில் திரும்பியது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மோசமான படங்களுக்குக் கொடுக்கும் கோல்டன் ராஸ்பெரி விருதின் முதல் 'மோசமான படம்' பட்டம் இதற்குத்தான். அதைப் பார்த்த எரிச்சலில்தான் அந்த விருதே தொடங்கியது என்பது கூடுதல் கௌரவம். ஆஸ்திரேலியாவில் மட்டும் படத்தின் தலைப்புப் பாட்டு முதலிடம் பிடித்தது.

குழு வேடத்தை மாற்றிப் பார்த்தது, 1981-ல் தொப்பிகளையே கழற்றிப் பார்த்தது, ஓடவில்லை. வில்லிஸ் 1982-ல் ஒரு தட்டுக்கு வந்து போனார். அதன்பின் போதைப்பொருள், கைதுகள் என்று இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 2006-ல் நீதிமன்றம் அவரைச் சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்துச் சிகிச்சைக்கு அனுப்பியது; பெட்டி ஃபோர்ட் மையத்தில் சிகிச்சை முடித்தார். 2007-ல் வழக்கறிஞர் கேரன் ஹஃபை மணந்தார். இந்த ஆண்டுகள் முழுவதும் இன்னொருவர் போலீஸ் தொப்பியில் அவர் வரிகளை உலகமெங்கும் பாடிக்கொண்டிருந்தார். மொராலி 1991-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். நுரையீரல் புற்றுநோயால் 2001-ல் இறந்த கிளென் ஹியூஸை அவருடைய தோல் உடையிலேயே அடக்கம் செய்தார்கள்.

35 ஆண்டு எண்ணிக்கை

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மெட்டும் வரியும் சேர்ந்த 'இயற்றிய படைப்பு' ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த 'ஒலிப்பதிவு' மற்றொன்று. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் பாட்டை ஒலிபரப்பினால் இயற்றியவருக்கும் பதிப்பகத்துக்கும்தான் காசு; பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. வேறொருவர் அதே பாட்டைப் பாடி வெளியிட்டாலும் அப்படியே. 1993-ல் பிரிட்டிஷ் இணையான பெட் ஷாப் பாய்ஸ், வில்லேஜ் பீப்பிளின் 'கோ வெஸ்ட்' பாட்டைப் புதிதாகப் பாடி, அது ஐரோப்பியக் கால்பந்து மைதானங்களின் கோஷமாக மாறியபோது, பழைய குழுவில் கோரஸ் பாடியவர்களுக்கு அதில் எதுவுமில்லை. வரி எழுதியவருக்கு உண்டு.

வில்லிஸ் 1970-களின் கடைசியில் தன் வரிகளுக்கான உரிமையைக் கான்ட் ஸ்டாப் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வரும் ராயல்டியில் அவருக்கு 12 முதல் 20 சதவீதம். பாட்டு ஓடுமா ஓடாதா என்று தெரியாத நாளில் போட்ட கையெழுத்து. அமெரிக்காவின் 1976 பதிப்புரிமைச் சட்டம் இந்த நிலைமையை எண்ணித்தான் 203-ஆம் பிரிவை வைத்தது: 1978 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் உரிமையை எழுதிக் கொடுத்த படைப்பாளி, 35 ஆண்டு கழித்து அதைத் திரும்பப் பெறலாம். "திரும்பக் கேட்கமாட்டேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது.

ஆனால் தானாக எதுவும் திரும்பாது. எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உரிமை திரும்பும் நாளை நோட்டீஸிலேயே குறிக்க வேண்டும். அந்த நாளுக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு முன்னதாக நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். 35 ஆண்டு முடிந்ததும் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே வாசல் திறந்திருக்கும். ஒப்பந்தம் வெளியிடும் உரிமையையும் உள்ளடக்கினால் எண்ணிக்கை மாறும்: வெளியான நாளிலிருந்து 35 ஆண்டு, கையெழுத்திட்ட நாளிலிருந்து 40 ஆண்டு, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. நோட்டீஸின் பிரதியை உரிமை திரும்பும் நாளுக்குள் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவுசெய்யவும் வேண்டும். கலைஞர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தத் தேதிகளைத்தான். பழைய ஒப்பந்தம் கையில் இருக்காது, கையெழுத்திட்ட நாள் நினைவிருக்காது, வாசல் மூடிய பிறகு வழக்கறிஞரிடம் ஓடுவார்கள்.

வில்லிஸ் தவறவிடவில்லை. 2011 ஜனவரியில் 33 பாடல்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். பாடல்கள் 1978-லிருந்து வந்தவை. 35 கூட்டினால் 2013. ஸ்கார்பியோவும் கான்ட் ஸ்டாப்பும் தெற்கு கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயின. முதலில், சம்பளத்துக்கு எழுதிய வேலை இது, படைப்பாளி நிறுவனமே என்றன. அது நிலைத்திருந்தால் 203-ஆம் பிரிவே பொருந்தியிருக்காது. பிறகு அந்த வாதத்தைத் தாங்களே விட்டுவிட்டன. அடுத்த வாதம் கெட்டிக்காரத்தனமானது: பாட்டுக்கு மூன்று படைப்பாளிகள், சட்டப்படி பெரும்பான்மை கையெழுத்து வேண்டும், வில்லிஸ் ஒருவர் மட்டும் ரத்துசெய்ய முடியாது.

2012 மே 7 அன்று நீதிபதி பாரி டெட் மாஸ்கோவிட்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டத்தின் பெரும்பான்மை விதி, பலர் சேர்ந்து ஒரே பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால்தான் பொருந்தும். வில்லிஸ் தன் பங்கைத் தனியாக எழுதிக் கொடுத்தவர். தனியாகக் கொடுத்ததைத் தனியாகவே திரும்ப வாங்கலாம். திரும்புவது 12 முதல் 20 சதவீதம் என்ற பழைய ராயல்டி விகிதமும் அல்ல, கூட்டுப் படைப்பாளியின் பங்கு. மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று, இரண்டு பேர் என்றால் பாதி. தங்கள் பங்கை மொராலி, பெலோலோ, வில்லிஸ் என்று மூவரும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி போயிருக்கலாம். அன்று யாரோ தனித்தனித் தாள் போட்டதுதான் வில்லிஸைக் காப்பாற்றியது.

அடுத்த கேள்வி, படைப்பாளிகள் இரண்டு பேரா மூன்று பேரா என்பது. பெலோலோவின் பெயர் வரி எழுதியவர்களில் ஒருவராகத் தட்டுகளில் அச்சாகியிருந்தது. அவர் எழுதவே இல்லை என்றார் வில்லிஸ். 2015 மார்ச்சில் ஜூரி 24 பாடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'ஒய்.எம்.சி.ஏ.' உட்பட 13 பாடல்களுக்குப் படைப்பாளிகள் மொராலியும் வில்லிஸும் மட்டுமே என்று முடிவுசெய்தது. அந்தப் பாடல்களில் படைப்பாளிகளுக்கென வரும் ஒவ்வொரு 100 டாலரிலும் வில்லிஸின் பங்கு 33-லிருந்து 50 ஆனது.

பாட்டு திரும்பிய பிறகு தொப்பியும் திரும்பியது. குழுவின் பெயரும் வேடங்களும் கான்ட் ஸ்டாப் வசம் இருந்தன. 2017-ல் அந்த உரிமம் வில்லிஸ் தரப்புக்கு வந்தது. அவர் புது ஆட்களோடு மேடை ஏறினார். பத்தாண்டுக் கணக்கில் அதே உடையில் பாடி வந்த சிம்ப்சனும் ரோஸும் பிரைலியும் வெளியே நின்றார்கள். அவர்கள் தரப்பும் வழக்காடியது, கடைசியில் சமரசமாகி, சிலர் வேறு பெயரில், வில்லேஜ் பீப்பிளின் முன்னாள் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொண்டு பாடினார்கள். 1979-ல் வில்லிஸுக்கு நேர்ந்தது 2017-ல் ரோஸுக்கு நேர்ந்தது என்றால் மிகையில்லை. குழுவே அவர் காலின் மணிச் சத்தத்திலிருந்து பிறந்தது. ஆனால் அவர் பெயரில் வரி இல்லை.

இயற்றியவருக்கு எல்லாம் கட்டுப்படும் என்றும் இல்லை. டொனால்ட் டிரம்ப் தன் கூட்டங்களில் 'ஒய்.எம்.சி.ஏ.'யை ஒலிக்கவிட்டபோது வில்லிஸ் 2020-ல் வேண்டாம் என்றார். ஆனால் பிரசாரத் தரப்பிடம், பாட்டைப் பொதுவில் ஒலிக்கவிட அனுமதி வழங்கும் பிஎம்ஐ சங்கத்தின் அரசியல் பயன்பாட்டு உரிமம் இருந்தது. அதிலிருந்து பாட்டை விலக்கச் சொல்ல இயற்றியவருக்கு வழி உண்டு. யோசித்துவிட்டு வில்லிஸ் விட்டுவிட்டார். அந்தப் பயன்பாட்டால் பாட்டு சில மில்லியன் டாலர் ஈட்டியதாக 2024 டிசம்பரில் அவரே எழுதினார். அதே பதிவில், இதைத் தன்பாலினத்தவரின் கீதம் என்று எழுதும் ஊடகங்கள்மீது வழக்குப் போடுவோம் என்றும் எச்சரித்தார். எழுதியவர் என்ற முறையில் தன் எண்ணம் இதுவல்ல என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. கேட்டவர்கள் நாற்பது ஆண்டுகளாகப் பாட்டுக்குக் கொடுத்த பொருளை நோட்டீஸ் அனுப்பித் திரும்பப் பெற எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. 2025 ஜனவரியில், 73 வயதில், டிரம்பின் பதவியேற்பு விழாக் கொண்டாட்டங்களில் அவர் குழுவோடு மேடை ஏறினார்.

203-ஆம் பிரிவுக்கு இன்னொரு எல்லையும் உண்டு: அது அமெரிக்காவுக்குள் மட்டுமே செல்லும். பிற நாடுகளின் உரிமை பழைய ஒப்பந்தப்படியே தொடரும். நியூயார்க் யாங்கீ மைதானத்தில் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து மண்ணைச் சமன்செய்ய வரும் பணியாளர்கள் இந்தப் பாட்டுக்கு ஆடினால் ஒரு கணக்கு. அதே பாட்டு பாரிஸில் ஒரு கல்யாண வீட்டில் ஒலித்தால், 1970-களில் போட்ட அந்தக் கையெழுத்தின்படிதான் கணக்கு.